தாழ்வாரத்தில் ஒரு மேசை

1940-களின் நடுப்பகுதி. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் சாம்பெய்ன் என்றொரு பல்கலைக்கழக நகரம். அங்கே அரசுப் பள்ளிகளில் வாரம் ஒருமுறை, பள்ளி நேரத்திலேயே, பள்ளிக் கட்டடத்துக்குள்ளேயே மதவகுப்பு நடந்துகொண்டிருந்தது. புராட்டஸ்டன்ட் பிள்ளைகளுக்கு அவர்கள் தரப்பு ஆசிரியர், கத்தோலிக்கப் பிள்ளைகளுக்குப் பாதிரியார். கட்டாயம் இல்லை. பெற்றோர் அட்டையில் கையெழுத்திட்டு அனுப்பினால் பிள்ளை வகுப்பில் சேரலாம், விரும்பாவிட்டால் விட்டுவிடலாம். ஐந்தாம் வகுப்பில் படித்த ஜேம்ஸ் டெரி மெக்கோலம் என்ற சிறுவனின் அட்டையில் மட்டும் கையெழுத்து இல்லை. மற்றவர்கள் பாடம் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில் அவனுக்குத் தாழ்வாரத்தில் தனியாக ஒரு மேசை போட்டார்கள். தப்பு செய்த பிள்ளைகளை உட்காரவைக்கிற இடம் அது. அந்தப் பக்கமாகப் போய்வந்த பிள்ளைகள் இவனும் தண்டனையில்தான் இருக்கிறான் என்று நினைத்துக் கேலி செய்தார்கள்.

அவனுடைய அம்மா வாஷ்டி மெக்கோலம் வழக்குத் தொடுத்தார். பைபிளின் எஸ்தர் ஆகமத்தில், விருந்து மண்டபத்துக்கு வந்து நிற்கும்படி அரசன் ஆணையிட்டபோது வரமாட்டேன் என்று மறுத்த அரசியின் பெயர் வாஷ்டி. வாஷ்டியின் அப்பா ராச்செஸ்டர் நகரில் சுதந்திரச் சிந்தனையாளர் சங்கத்தை நடத்தியவர். மகளுக்கு மறுப்பைப் பெயரிலேயே கொடுத்திருந்தார். வழக்கு நடந்த காலத்தில் அந்தக் குடும்பத்தின் வீட்டுமேல் முட்டைக்கோஸ்கள் வந்து விழுந்தன. வளர்த்த பூனையை யாரோ தூக்கில் தொங்கவிட்டார்கள். வாஷ்டிக்குப் பல்கலைக்கழகத்தில் இருந்த வேலை போனது. மாநில நீதிமன்றங்கள் இரண்டிலும் தோற்று, கடைசியில் 1948 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தில் எட்டு நீதிபதிகள் அவர் பக்கமும் ஒருவர் எதிர்ப்பக்கமுமாகத் தீர்ப்பு வந்தது. பள்ளிக் கட்டடத்துக்குள் மதவகுப்பு கூடாது என்று ஆயிற்று.

சட்டப் புத்தகங்களில் அது பெரிய வெற்றி. ஆனால் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்த பையனுக்கு அந்த நேரத்தில் என்ன தேவைப்பட்டிருக்கும்? ஒன்பது நீதிபதிகள் தேவைப்பட்டிருக்க மாட்டார்கள். பக்கத்தில் இன்னொரு மேசை போட்டு இன்னொரு பிள்ளை உட்கார்ந்திருந்தால் போதும்.

மதம் இல்லாத குடும்பத்துப் பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போது பெரியவர்கள் வழக்கமாக உரிமை, சட்டம், வாதம் என்றுதான் பேசுகிறார்கள். பெரியவர்களின் உலகில் அவற்றுக்குப் பெருமதிப்பு உண்டு. ஒன்பது வயதுப் பிள்ளையின் உலகம் வேறு. தன் வகுப்பில் யார் யாரோடு சேர்ந்து சாப்பிடுகிறார்கள், யார் பிறந்தநாளுக்கு யாரைக் கூப்பிடுகிறார்கள் என்பதில்தான் அதன் உலகம் சுழல்கிறது. 1943-லேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம், கொடிவணக்கமும் உறுதிமொழியும் செய்யும்படி எந்த மாணவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று சொல்லிவிட்டது. அந்த உரிமையை வென்று கொடுத்தவர்கள் நாத்திகர்கள் அல்லர். கடவுளைத் தவிர வேறெதையும் வணங்க மாட்டோம் என்று நின்ற யெகோவா சாட்சிகள் என்ற மதப்பிரிவினரின் பிள்ளைகள். பின்னர் 1954-இல் அந்த உறுதிமொழிக்குள் கடவுளின் பெயரும் நுழைந்தது. சொல்ல விரும்பாத பிள்ளை வாய்மூடி உட்கார்ந்திருக்கச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் முப்பது பிள்ளைகள் எழுந்து நிற்கிற வகுப்பில் ஒரு பிள்ளை மட்டும் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்பதைச் சட்டம் எழுத முடியாது.

பள்ளியிலாவது சட்டம் உண்டு. கோடை விடுமுறையில் அதுவும் இல்லை.

அமெரிக்கக் குழந்தைப் பருவத்தில் கோடை முகாமுக்குத் தனி இடம் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியில் தொடங்கிய வழக்கம் அது. ஏரிக்கரை, மரக்குடில்கள், துடுப்புப் படகு, வில்வித்தை, இரவில் நெருப்பைச் சுற்றிப் பாட்டு. வீட்டைவிட்டு முதன்முறையாகத் தனியே தூங்குகிற அனுபவம் அங்கேதான் பலருக்கு வாய்க்கிறது. இந்த மரபை வளர்த்ததில் தேவாலயங்களுக்கும் கிறிஸ்தவ இளைஞர் சங்கத்துக்கும் பெரும்பங்கு உண்டு. அதனால் உணவுக்கு முன் ஜெபமும் இரவில் வேதவாசிப்பும் முகாம் வாழ்க்கையோடு ஒட்டிக்கொண்டன. மதம் சாராதது என்று வெளியே தெரிகிற சாரணர் இயக்கமும், கடவுளுக்குச் செய்யும் கடமையை உறுதிமொழியில் வைத்திருக்கிறது. 1989-இல், மறுபடியும் இல்லினாய் மாநிலத்தில், ஹின்ஸ்டேல் என்ற ஊரில் ஏழு வயதுச் சிறுவன் ஒருவனுக்குச் சாரணர் இயக்கத்தின் குட்டிப் பிரிவில் சேரும்படி பள்ளியிலேயே துண்டறிக்கை கிடைத்தது. அவனும் அப்பாவும் ஆசையோடு போனார்கள். கடவுள் நம்பிக்கை பற்றிய வாசகத்தில் கையெழுத்திட முடியாது என்றதும் சேர்த்துக்கொள்ளவில்லை. வழக்கு 1993-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றது. சாரணர் இயக்கம் தனியார் அமைப்பு, யாரைச் சேர்ப்பது என்பது அதன் விருப்பம் என்றது நீதிமன்றம். பிரிட்டனில் 2014-இலிருந்து கடவுள் பெயர் இல்லாத மாற்று உறுதிமொழி சாரணருக்கு இருக்கிறது. அமெரிக்காவில் அந்தக் கதவு இன்னும் திறக்கவில்லை.

எட்வின் கேகின் என்பவர் இந்த வலியை வெளியிலிருந்து பார்த்தவர் அல்லர். அவரே சாரணர் இயக்கத்தின் மிக உயர்ந்த தகுதியான கழுகுச் சாரணர் பட்டம் பெற்றவர். பிரெஸ்பிட்டேரியன் போதகர் ஒருவரின் மகன். கென்டக்கி மாநிலத்தின் பூன் கவுன்டியில் வழக்கறிஞராக இருந்தார். கூடாரம், நெருப்பு, முடிச்சுப் போடுவது, நட்சத்திரம் பார்ப்பது ஆகியவை ஒரு பிள்ளைக்கு என்ன தருகின்றன என்று அவருக்குத் தெரியும். அது கிடைக்காமல் போகிற பிள்ளைகளையும் தெரியும். சின்சினாட்டி வட்டாரத்துச் சுதந்திரச் சிந்தனையாளர் குழு ஒன்றின் துணையோடு, மனைவி ஹெலனையும் சேர்த்துக்கொண்டு 1996-இல் ஒரு முகாமைத் தொடங்கினார். கேம்ப் குவெஸ்ட் என்று பெயர். குவெஸ்ட் என்றால் தேடல். அதன் ஐந்து ஆங்கில எழுத்துகளையும் ஐந்து வினைச்சொற்களாக விரித்தார்கள்: கேள், புரிந்துகொள், ஆராய், தேடு, சோதித்துப் பார்.

முதல் ஆண்டு வந்தவர்கள் இருபது பிள்ளைகள். இடம் கிடைத்தது ஒரு பாப்டிஸ்ட் சபைக்குச் சொந்தமான முகாம் வளாகத்தில். வாடகைக்குத்தான். என்றாலும் அதை லேசாகச் சொல்லிக் கடந்துவிட முடியாது. இருபது பிள்ளைகளைப் படுக்கவைக்க, சாப்பிடவைக்க, நீந்தவைக்க வசதியான இடம் அந்த வட்டாரத்தில் யாரிடம் இருந்தது? மதச்சபையிடம் இருந்தது. நம்பிக்கையாளர்கள் தலைமுறை தலைமுறையாகக் காசு சேர்த்து, மரம் நட்டு, குடில் கட்டி வைத்திருக்கிறார்கள். நம்பாதவர்களிடம் வாதங்கள் இருந்தன, குடில்கள் இல்லை. பிள்ளைகளுக்காக ஒரு கூரை தேடிப் புறப்பட்டபோதுதான் அந்தக் குறை கண்ணில் பட்டது.

எட்வினும் ஹெலனும் 2005 வரை முகாமை நடத்தினார்கள். இதற்கிடையில் டென்னசி, மின்னசோட்டா, மிச்சிகன், கனடாவின் ஒன்டாரியோ என்று கிளைகள் விரிந்தன. பிறகு கலிபோர்னியாவும் சேர்ந்தது. கோடையில் ஒரு வாரம், எட்டு வயதிலிருந்து பதினேழு வயதுவரை. பகலில் மற்ற முகாம்களில் நடப்பவைதான் இங்கும் நடக்கும்: நீச்சல், படகு, வில், பாறையேற்றம், கைவேலை. சாப்பாட்டு வேளையில் ஜெபத்தின் இடத்தில் ஒரு சிறு அறிமுகம் உண்டு. மரபை மறுத்துச் சிந்தித்த யாராவது ஒருவரின் வாழ்க்கையைச் சில நிமிடங்களில் சொல்வார்கள். மாலையில் சாக்ரட்டீஸ் பெயரில் வட்டமாக உட்கார்ந்து பேசுவார்கள். எது நியாயம், நண்பன் பொய் சொன்னால் காட்டிக்கொடுக்கலாமா, ஒரு விஷயம் உண்மை என்று எப்படித் தெரிந்துகொள்வது என்பவை போன்ற கேள்விகள். கேட்ட கேள்விக்கு முடிவு சொல்லிப் பிள்ளைகளை அனுப்ப வேண்டும் என்ற அவசரம் யாருக்கும் இல்லை.

இவை எல்லாவற்றையும்விட அந்த முகாமின் பெயரை வெளியே கொண்டுபோனவை இரண்டு ஒற்றைக்கொம்புக் குதிரைகள்.

முகாம் தொடங்கியதும் பிள்ளைகளிடம் சொல்லிவிடுவார்கள்: இந்த இடத்தில் இரண்டு ஒற்றைக்கொம்புக் குதிரைகள் வாழ்கின்றன. கண்ணுக்குத் தெரியாது. சத்தம் கேட்காது. தொட முடியாது, வாசனை இல்லை. எதையும் தின்னாது, தடம் விடாது. ஆனால் இருக்கின்றன. மூத்தோர் வழிவழியாகச் சொல்லிவருகிறார்கள், பழைய நூலில் எழுதியிருக்கிறது, நாங்களும் நம்புகிறோம். அவை இல்லை என்று யாராவது நிரூபித்தால் பரிசு உண்டு. பரிசு நூறு டாலர் நோட்டு. அதிலும் பழைய நோட்டு. அமெரிக்கப் பணத்தாள்களில் கடவுள்மேல் நம்பிக்கை வைக்கிறோம் என்ற வாசகம் 1957-இலிருந்துதான் அச்சாகத் தொடங்கியது. அந்த வாசகம் ஏறாத காலத்து நோட்டைத் தேடியெடுத்து வைத்திருந்தார்கள்.

இதற்கு ஒரு முன்னோடி உண்டு. முகாம் தொடங்குவதற்கு முந்தைய ஆண்டு வெளிவந்த நூலொன்றில் வானியல் அறிஞர் கார்ல் சேகன் தன் வண்டிக் கொட்டகையில் நெருப்பு கக்கும் டிராகன் ஒன்று இருப்பதாக ஒரு கதை சொல்லியிருந்தார். காட்டு என்றால் கண்ணுக்குத் தெரியாது என்பார். தரையில் மாவு தூவிக் காலடித் தடம் பார்க்கலாமா என்றால், அது மிதக்கிறது. நெருப்பின் சூட்டை அளக்கலாமா என்றால், அது சூடில்லாத நெருப்பு. சாயம் தெளித்துப் பார்க்கலாமா என்றால், அதற்கு உடல் இல்லை. அப்படியானால் இப்படிப்பட்ட டிராகனுக்கும் இல்லாத டிராகனுக்கும் என்ன வேறுபாடு என்று முடியும் அந்தக் கதை. பெரியவர்கள் படித்துத் தலையசைத்த இந்தக் கதையைக் கேம்ப் குவெஸ்ட் பிள்ளைகளின் விளையாட்டாக மாற்றியது. படிப்பது வேறு, விளையாடுவது வேறு. விளையாட்டில் பிள்ளை தோற்க வேண்டியிருக்கிறது.

அந்தப் பரிசை யாரும் வென்றதில்லை. வெல்லவும் முடியாது. எந்தச் சோதனையிலும் சிக்காதபடி வரையறுத்த ஒன்றை இல்லை என்று நிரூபிக்க வழி கிடையாது. கொஞ்சம் கொஞ்சமாகப் பிள்ளைக்கு அது புரிகிறது. இருக்கிறது என்று சொன்னவரிடமே திரும்பிப்போய், நீங்கள் காட்டுங்கள் என்று கேட்க வேண்டும் என்று தெரிகிறது. நிரூபிக்கும் பொறுப்பு யார் தலையில் என்ற பாடம் இது. தர்க்கப் புத்தகத்தில் பத்துப் பக்கம் எடுத்துக்கொள்ளும் விஷயம், இரண்டு குதிரைகளை வைத்து ஒரு வாரத்தில் உள்ளே இறங்கிவிடுகிறது.

பாடத்தோடு இன்னொன்றும் இறங்குகிறது. குதிரைகள் இருக்கின்றன என்று சொல்பவர் பிள்ளைக்குப் பிடித்த அண்ணனோ அக்காவோதான். நீந்தக் கற்றுக்கொடுத்தவர், கால் சுளுக்கியபோது தூக்கிவந்தவர். அவர் முகத்தைப் பார்த்து, நீங்கள் சொல்வதை ஏற்க எனக்குக் காரணம் இல்லை என்று பணிவாகச் சொல்லிப் பழக வேண்டியிருக்கிறது. பிடித்தவரை மறுப்பதும், மறுத்த பிறகும் அவரோடு ஒரே தட்டில் சாப்பிடுவதும் எளிதல்ல. பல பெரியவர்களுக்கே அது கைவராத வித்தை.

அந்த நோட்டு யார் கைக்கும் போகாமலே இருப்பதில் இன்னொரு பொருளும் ஒளிந்திருக்கிறது. இல்லை என்று யாராலும் நிரூபிக்க முடியவில்லை என்ற செய்தி அதில் இருக்கிறது. நம்பாத வீட்டுப் பிள்ளை ஊருக்குத் திரும்பி, கடவுள் இல்லை என்று அடித்துச் சொல்கிற அப்பாவிடம், உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்கலாம். கேட்க வேண்டும். நம்பிக்கையாளரின் வாயை அடைக்கக் கொடுத்த ஆயுதம் என்று மட்டும் அந்தக் குதிரைகளை எடுத்துக்கொண்டால் முகாமே வீண். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் நேர்மையை அவை நம்பிக்கையாளரிடம் எவ்வளவு கேட்கின்றனவோ அவ்வளவையே நம்பாதவரிடமும் கேட்கின்றன.

இங்கேதான் பெரிய கேள்வி எழுகிறது. பைபிள் முகாமும் பிள்ளையைக் கூட்டிப்போய்ப் பெற்றோரின் நம்பிக்கையை ஊட்டுகிறது. இதுவும் பெற்றோரின் நம்பாமையை ஊட்டுவதுதானே?

கேள்வி நியாயமானது. 2006-இல் வெளிவந்த ஜீசஸ் கேம்ப் என்ற ஆவணப்படம் வட டகோட்டாவில் நடந்த சுவிசேஷ முகாம் ஒன்றைக் காட்டியது. சிறுபிள்ளைகள் கதறி அழுது மன்றாடும் காட்சிகள் அதில் உண்டு. பார்த்துப் பதறியவர்கள் மதத்தை மட்டும் குற்றவாளியாக்கினார்கள். ஆனால் அந்தக் காட்சியில் வேலை செய்வது மதம் மட்டும் அல்ல, முகாமும்தான். வீட்டைவிட்டுப் பிரிந்த மனம், குறைந்த தூக்கம், கூட்டமாகப் பாடும் பாட்டு, மூன்று நாளில் உயிருக்குயிரான சிநேகம், நெருப்பின் வெளிச்சத்தில் எல்லா முகமும் ஒரே முகமாகத் தெரிவது. இவை சேரும்போது பிள்ளையின் மனம் ஈரக் களிமண்ணாக இருக்கிறது. எந்த அச்சை அழுத்தினாலும் பதியும். 1925-இல் கிரிமியாவின் கடற்கரையில் சோவியத் அரசு தொடங்கிய ஆர்டெக் முகாமில் கடவுளின் பெயர் கிடையாது. ஆனால் அங்கே வேறு திருவுருவங்கள் இருந்தன, வேறு உறுதிமொழி இருந்தது. கிழக்கு ஜெர்மனி 1955-இலிருந்து தேவாலய உறுதிப்பூசுதலுக்கு மாற்றாக இளையோர் சடங்கு ஒன்றை நடத்தி, பதினான்கு வயதுப் பிள்ளைகளை சோஷலிச அரசுக்கு விசுவாசமாக இருப்போம் என்று சொல்லவைத்தது. மதத்தை வெளியே அனுப்பிவிட்டதாலேயே ஓர் இடம் சுதந்திரமான இடமாகிவிடாது.

இதற்கு எதிர்முனையில் நார்வே நிற்கிறது. அங்கே 1951-இலிருந்து தேவாலயம் சாராத உறுதிப்பூசுதல் நடக்கிறது. பிள்ளைகள் சில மாதம் வகுப்புக்குப் போய் அறம், மனித உரிமை, வாழ்க்கைநோக்கு பற்றிப் பேசுகிறார்கள். முடிவில் நல்ல உடை உடுத்தி மேடையேறிச் சான்றிதழ் வாங்குகிறார்கள், குடும்பம் கூடி விருந்துண்கிறது. யாரும் எதன்மேலும் உறுதிமொழி எடுப்பதில்லை. சடங்கின் மகிழ்ச்சியை வைத்துக்கொண்டு சத்தியத்தை மட்டும் எடுத்துவிட்டார்கள்.

கேம்ப் குவெஸ்ட்டை இந்த அளவுகோலால்தான் அளக்க வேண்டும். நாத்திகப் பிள்ளைகளை உருவாக்குவது தன் வேலை அல்ல என்று அது சொல்லிவந்திருக்கிறது. எந்த வாசகத்திலும் பிள்ளை கையெழுத்திட வேண்டியதில்லை, நம்பிக்கையுள்ள பிள்ளைக்கும் தடையில்லை. 2009 ஜூலையில் இங்கிலாந்தின் சோமர்செட்டில் அதன் கிளை முதன்முதலாக ஐந்து நாள் முகாம் நடத்தியபோது வந்தவர்கள் இருபத்துநான்கு பிள்ளைகள். பிரிட்டிஷ் நாளேடுகள் அதை, உயிரியல் அறிஞரும் நாத்திகருமான ரிச்சர்ட் டாக்கின்ஸ் நடத்தும் நாத்திக முகாம் என்று எழுதித் தீர்த்தன. அவருடைய அறக்கட்டளை சிறு தொகை கொடுத்திருந்தது, அவ்வளவுதான். முகாமை நடத்துவது தாம் அல்ல என்று அவரே விளக்கம் சொல்ல வேண்டிவந்தது. அங்கே குதிரைக்கு வைத்த பரிசு அவர் கையெழுத்திட்ட பத்து பவுண்டு நோட்டு. டார்வினின் படம் அச்சிட்டிருந்த நோட்டு அது. இருபத்துநான்கு பிள்ளைகள் கூடாரம் போட்டு விளையாடியதற்கு இவ்வளவு பரபரப்பு. அதே கோடையில் அதே நாட்டில் நடந்த கிறிஸ்தவ முகாம்களை யாரும் செய்தியாக்கவில்லை. தேவையும் இல்லை, அவை வழக்கமானவை. வழக்கத்துக்கு வெளியே நிற்கும் பிள்ளைதான் ஒவ்வொரு முறையும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது.

அதே ஆண்டு நவம்பரில் பிரிட்டிஷ் மனிதநேயச் சங்கம் பெரிய விளம்பரப் பலகைகள் வைத்தது. எனக்கு முத்திரை குத்தாதீர்கள், வளர்ந்து நானே தேர்ந்துகொள்கிறேன் என்று சிரிக்கும் பிள்ளைகள் கேட்பதுபோல அமைத்திருந்தார்கள். படத்தில் இருந்த பிள்ளைகள் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தைச் சேர்ந்தவர்கள் என்று பிறகு தெரியவந்தது. சிலர் அதைத் தோல்வியாகச் சொல்லி மகிழ்ந்தார்கள். உண்மையில் பலகை சொல்லவந்ததை அதைவிட நன்றாக வேறெதுவும் சொல்லியிருக்க முடியாது. பிள்ளையின் சிரிப்பைப் பார்த்து வீட்டின் மதத்தைக் கண்டுபிடிக்க யாராலும் முடியவில்லை.

அமெரிக்காவில் எந்த மதத்தையும் சாராதவர்களின் பங்கு 2007-இல் 16 விழுக்காடு, 2014-இல் 23, இப்போது 29 விழுக்காட்டை ஒட்டி நிற்கிறது என்கின்றன பியூ ஆய்வு மையத்தின் கணக்குகள். ஆனால் இவர்களில் தம்மை நாத்திகர் என்று சொல்லிக்கொள்பவர்கள் சிறுபகுதிதான். பெரும்பாலோர் குறிப்பாக எதுவும் இல்லை என்ற கட்டத்தில் குறியிட்டவர்கள். அந்தச் சொல்லைச் சூடிக்கொள்ளத் தயங்கக் காரணம் உண்டு. மின்னசோட்டா பல்கலைக்கழகத்துச் சமூகவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், தம் பிள்ளை எந்தப் பிரிவினரை மணந்தால் ஏற்க மாட்டீர்கள் என்று கேட்டிருந்தார்கள். நாத்திகர் என்று சொன்னவர்கள் ஏறத்தாழ 48 விழுக்காடு. கேட்கப்பட்ட எல்லாப் பிரிவுகளிலும் அதுவே மிக அதிகம்.

பெற்றோர் கவனிக்க வேண்டிய இன்னொரு எண்ணும் பியூ கணக்கில் உண்டு. மதம் இல்லாமல் வளர்க்கப்பட்டவர்களில் பெரியவர்களான பிறகும் மதம் சாராமலே இருந்தவர்கள் 2007-இல் 46 விழுக்காடு, 2014-இல் 53. ஆக, இரண்டு பேரில் ஒருவர் எங்கோ ஒரு மதத்தைக் கண்டுகொண்டுவிடுகிறார். இதைப் பார்த்துக் கவலைப்படும் பெற்றோர் உண்டு. கவலைப்படுவது மனித இயல்பு. ஆனால் தன் பிள்ளை சுயமாகச் சிந்திக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே, அது சிந்தித்து எங்கே போய்ச்சேர வேண்டும் என்றும் முன்கூட்டியே முடிவு செய்துவைத்தால், சிந்திப்பது பிள்ளை அல்ல. முகாமுக்கு வந்த பிள்ளை இருபத்தைந்து வயதில் தேவாலயத்தில் போய் அமர்ந்தால் அதை அந்த முகாம் தோல்வி என்று எழுதிக்கொள்ளக் கூடாது. அப்படி எழுதிக்கொள்ளாத முகாமுக்குத்தான் பிள்ளையை நம்பி அனுப்பலாம்.

தமிழ் வாசகருக்கு இந்தக் கதையில் அறிமுகமான முகம் ஒன்று தெரியும். எட்வின் கேகினைப்போலப் போதகரின் மகன், வழக்கறிஞர், மேடையில் மதத்தை மறுத்தவர் என்றதும் இங்கர்சால் நினைவுக்கு வருவார். வாஷ்டியின் குடும்பத்தைப்போல அவரும் இல்லினாய்க்காரர்தான், பியோரியா நகரில் வழக்கறிஞராக வாழ்ந்தவர், 1899-இல் மறைந்தவர். அவருடைய சொற்பொழிவுகள் சுயமரியாதை இயக்கத்தார் கையில் தமிழாகி ஊர் ஊராகப் போயின. இங்கர்சால் என்று தமிழ்நாட்டில் பிள்ளைகளுக்குப் பெயர் வைத்தார்கள். ராச்செஸ்டரில் ஓர் அப்பா மகளுக்கு வாஷ்டி என்று பெயரிட்டதும், இங்கே ஓர் அப்பா மகனுக்கு இங்கர்சால் என்று பெயரிட்டதும் ஒரே ஆசைதான். பெயரை அப்பா கொடுத்துவிடுகிறார். அந்தப் பெயரோடு வகுப்பில் உட்காரும் வேலை பிள்ளையுடையது.

இங்கே பகுத்தறிவின் கதையே பிள்ளைகளின் சாப்பாட்டுப் பந்தியைத் தொட்டுத்தான் சூடுபிடித்தது. 1924-25-இல் சேரன்மாதேவி குருகுலத்தில் இரண்டு பிராமணச் சிறுவர்களுக்குத் தனியே உணவு பரிமாறிய செய்தி வெளியே வந்து பெரும் சச்சரவானது. தேசிய இயக்கத்தின் பணத்தில் நடந்த பள்ளியில் பிள்ளைகள் ஒன்றாக உட்கார்ந்து உண்ணக் கூடாதா என்று கேட்டவர்களில் பெரியார் முன்னே நின்றார். 1925-இல் காங்கிரஸை விட்டு வெளியேறினார். அமெரிக்கப் பிள்ளைக்குத் தாழ்வாரத்து மேசை என்றால், இங்கே பிள்ளைக்குத் தனிப்பந்தி. அங்கே விலக்கிவைத்தது நம்பிக்கை, இங்கே பிறப்பு. அதனால் இங்கே மதம் இல்லை என்று படிவத்தில் எழுதிவிட்டால் மட்டும் பிள்ளை விடுபட்டுவிடுவதில்லை. அடுத்த கட்டத்தில் சாதி காத்திருக்கிறது. தஞ்சைக்கு அருகே வல்லத்தில் திராவிடர் கழகத்தார் தம் பெரியார் பிஞ்சு இதழின் பெயரில் பிள்ளைகளுக்கு நடத்தும் கோடை முகாமுக்குப் பழகு முகாம் என்று பெயர். அந்தச் சொல்லைக் கண்டெடுத்தவரைப் பாராட்ட வேண்டும். பழகுதல் என்றால் பயிற்சி, பழகுதல் என்றால் சிநேகம். ஊர் தெரியாத, சாதி கேட்காத பிள்ளையின் பக்கத்தில் படுத்துத் தூங்கி, அடுத்த இலையில் உட்கார்ந்து சாப்பிடுவதை வேறெந்தச் சொல்லும் இவ்வளவு சரியாகச் சொல்லாது.

அமெரிக்க முகாமைக் கேட்ட கேள்வியை இங்கும் கேட்டே ஆக வேண்டும். நான் சொல்கிறேன் என்பதற்காக நம்பாதே, உன் அறிவுக்குச் சரியென்று பட்டால் ஏற்றுக்கொள் என்று மேடைதோறும் சொன்னவர் பெரியார். அந்தப் பெரியாரையே மனப்பாடமாக ஒப்பிக்கும் பிள்ளையைப் பார்த்துப் பெரியவர்கள் கைதட்டும்போது அந்தச் சொல் எங்கே போகிறது? ஒப்பிக்கும் பிள்ளையைவிட, ஏன் என்று கேட்டு மேடையைத் தடுமாறவைக்கும் பிள்ளையே அவருக்கு நெருக்கமானது. வல்லத்து மண்ணிலும் இரண்டு ஒற்றைக்கொம்புக் குதிரைகளை அவிழ்த்துவிடலாம். நம் ஊருக்கு ஏற்றபடி அவை புளியமரத்துப் பேயாகவும் இருக்கலாம். பேய் இல்லை என்று பாடமாகச் சொல்லிக்கொடுப்பதைவிட, பேய் இருப்பதாகச் சொல்லும் அண்ணனைப் பிள்ளையே மடக்கட்டும்.

சாம்பெய்ன் நகரத்துத் தாழ்வார மேசை என்ன ஆனது என்று யாரும் எழுதிவைக்கவில்லை. அந்தக் குடும்பம் என்ன ஆனது என்பது தெரியும். வாஷ்டி மெக்கோலம் 2006 வரை வாழ்ந்தார். அவருடைய இன்னொரு மகன், டெரியின் தம்பி டேனல், அதே ஊரில் வளர்ந்தார். வீட்டுமேல் முட்டைக்கோஸ் வீசிய ஊர், பூனையைக் கொன்ற ஊர். 1987-இல் அந்த ஊர் மக்கள் வாக்களித்து டேனல் மெக்கோலமைத் தங்கள் மேயராக்கினார்கள். 1999 வரை அவர் அந்தப் பதவியில் இருந்தார். அங்கிருந்து சில மணி நேரப் பயணத் தொலைவில், கென்டக்கியின் பாப்டிஸ்ட் வளாகத்தில் இருபது பிள்ளைகள் முதன்முதலாகக் கூடிய 1996-இன் கோடையிலும் சாம்பெய்ன் நகரத்தின் மேயர் அவர்தான்.